கோமாளி யார் என்று கோர்ட் கேட்டது

ஐம்பதுகளின் நடுவில் இலங்கைத் தேயிலை மலைநாட்டில், அட்டனில் நடந்த சங்கதி இது. அப்போது நான் அந்த டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். அதற்கு முன்னால் பட்டிப்பொல ஸ்டேஷனில் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன், ஒரு லாரியில் கிளீனராகச் சுற்றினேன். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. அதற்கு மேல் அங்கே வகுப்பே கிடையாது. எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்தை முழுதாக நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கால் நிற்காது, அவ்வளவுதான்.

அச்சக முதலாளி ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். அவரே ஆசிரியர், அவரே எழுத்துக் கோர்ப்பவர், அவரே பிழை திருத்துபவர். மிஷினைக் காலால் மிதிப்பவன் நான். பத்திரிகையால் ஒரு வருமானமும் இல்லை. கல்யாண அழைப்பிதழும் கோயில் நோட்டீசும் அடித்துத்தான் எங்கள் இருவருக்கும் சோறு. பத்திரிகை வெளிவந்ததும் பிரதிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறுவேன். அங்கிருந்து தோட்டம் தோட்டமாக நடை. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் லயம் என்கிற வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து நானே உரக்க வாசித்துக் காட்டுவேன். திரும்பும்போது செய்தி பொறுக்கிக்கொண்டு வருவேன். எந்த லயத்துக் கூரை ஒழுகுகிறது, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற எந்தப் பிள்ளைக் காம்பராவில் பால் வரவில்லை, இப்படி. ஆசிரியர் அதையெல்லாம் நல்ல தமிழில் மாற்றிப் போடுவார்.

அப்படி நான் கொண்டுவந்த ஒரு செய்திதான் எங்களைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவன் மன்மதனை எரிக்கிற கதை. ரதி, மன்மதன், எமன் எல்லாம் இருட்டிய பிறகுதான் வருவார்கள். கோமாளி மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே தப்புச் சத்தத்தோடு வந்து கூட்டம் சேர்ப்பான். முகம் முழுக்க அரிசி மாவும் கரியும், இடுப்பில் சாக்கு, தாடிக்கு மானாப்புல். அவன் யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். பூசாரி, தலைவர், கடைக்காரர், யாரும் தப்ப முடியாது. கோமாளி பேசியதற்கு யாரும் கோபிக்கக் கூடாது. காப்புக் கட்டி வேஷம் போட்டவனை அவன் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. ஆற்றில் குளித்து வேஷத்தைக் கலைக்கும்வரை அவனுக்குப் பேரே கிடையாது. எங்கள் பக்கத்தில் அது கட்டுப்பாடு.

அந்த வருஷம் நான் போயிருந்த தோட்டத்தில் கோமாளி ஒரு கிழிந்த கூடையைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். கண்டாக்கையா மாதிரி. கண்டாக்கு என்றால் தோட்டத்துக் கண்டக்டர், வெளிவேலைகளை எல்லாம் பார்க்கிற பெரிய உத்தியோகஸ்தர், துரைக்கு அடுத்தபடி. பின்னாலேயே இன்னொருவன் கயிற்று வாலோடு நாயாக வந்தான். துரையின் நாய். கோமாளி விறைத்து நின்று, தொப்பியைக் கழற்றி நாய்க்குச் சலாம் போட்டான். "ஆறாம் நம்பர் மலையில கொழுந்து எடுத்து முடிஞ்சிருச்சுங்க சார்" என்று அதனிடம் கணக்குச் சொன்னான். நாய் காதைச் சொறிந்தது. கோமாளியும் மரியாதையாகத் தன் காதைச் சொறிந்தான்.

கூட்டம் உருண்டு சிரித்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த கண்டாக்கும் சிரித்தார். பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கைச் சொல்கிறான் என்று நினைத்திருக்கிறார். தன்னைத்தான் என்று புரிந்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

நான் இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து வெற்றிலையைத் துப்பிவிட்டு, நாலு வரியில் போட்டார். தோட்டத்துப் பேர் இல்லை, ஆள் பேர் இல்லை. 'ஒரு தோட்டத்தில், துரையவர்களின் நாய்க்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் செலுத்தும் கண்டக்டர் ஒருவரைக் கோமாளி நடித்துக் காட்டினார்' என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், 'கண்டோர் அனைவரும் அவர் யாரென அறிந்து மகிழ்ந்தனர்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். அந்த வாக்கியம்தான் வினை.

பத்திரிகை வந்த சில நாளில் கண்டாக்கு அச்சகத்துக்கே வந்துவிட்டார். காக்கிக் கால்சட்டை, நீளக் காலுறை, கையில் தொப்பி. அவர் மகளுடைய கல்யாண அழைப்பிதழ் எங்களிடம்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்தில் தமிழ் அச்செழுத்து எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

"கூத்துல பேசுனா கூத்தோட போச்சு, நான் கோவிக்கல" என்றார் ஆசிரியரிடம். "நீங்க காயிதத்துல போட்டுட்டீங்களே. நேத்து டீக்கடையில வடைய என் மானத்துல சுத்திக் குடுக்கிறான்."

ஆசிரியர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கண்டாக்கு உட்காரவில்லை.

"அந்தக் கோமாளி யாருன்னு பேரச் சொல்லிருங்க. வழக்கும் வேணாம், வம்பும் வேணாம். தோட்டத்துல ஒரு பய வாயத் தொறக்க மாட்டேங்கிறான்."

"எனக்குத் தெரியாதுங்களே."

"மிஷினு மிதிக்கிறானே, அவனுக்குத் தெரியும்."

நான் குனிந்து மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"சரி, அப்ப கோர்ட்டுல பாத்துக்குவோம்" என்று வாசல் வரை போனவர் திரும்பி, "அழைப்பிதழ் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். மாப்பிள்ளையோட தகப்பனார் பேருக்கு முன்னால ஸ்ரீமான் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஆசிரியர் என்னிடம் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "யாருன்னு உனக்குத் தெரியும்ல. எங்கிட்ட மட்டும் சொல்லிடாத. தெரிஞ்சா என் வாய் நிக்காது."

எனக்குத் தெரியும். கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் அவர். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் குட்டையாக வெட்டி விடுகிற வேலை. அந்தத் தோட்டத்துக்குப் போனால் நான் படுப்பது அவர் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில்தான். சாதாரண நாளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். வேஷம் கட்டினால்தான் வேறு ஆள்.

பேர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பத்துச்சீட்டு. தோட்டத்தை விட்டு நீக்குகிற சீட்டுக்கு அதுதான் பேர். அது கைக்கு வந்தால் வேலை போகும், வேலையோடு காம்பராவும் போகும். தொழிற்சங்கத்துக்காரர்கள் கேட்க வருவார்கள்தான். அவர்கள் வந்து சேருவதற்குள் சட்டி பானை ரோட்டில் கிடக்கும். அவருக்கு மனைவியும் வரிசையாகப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

கோர்ட் சம்மன் வந்தது. அவதூறு வழக்கு. முதல் எதிரி ஆசிரியர், இரண்டாம் எதிரி நான். வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் தபால் அதுதான்.

எங்களுக்குக் கிடைத்த பிரக்கிராசி, அதாவது வக்கீல், யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். ஃபீஸ் கேட்காமல் வாதாட ஒப்புக்கொண்டார். அவருடைய மூத்த மகனின் கல்யாண அழைப்பிதழை நாங்கள் இலவசமாக அடிக்க வேண்டும் என்பது பேச்சு. மகனுக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை.

அவர் ஆசிரியரைக் கேட்டார். "உம்மட பேப்பரை எத்தினை பேர் வாசிக்கினம்?"

ஆசிரியர் நெஞ்சை நிமிர்த்தினார். "மலைநாடு பூராவும் வாசிக்கிறாங்க ஐயா."

"கோட்டில அப்பிடிச் சொல்லிப் போடாதையும். எவ்வளவு பேர் வாசிச்சினமோ அவ்வளவுக்கு அந்தாளின்ர மானம் போயிருக்கு எண்டு அவங்கட வக்கீல் கணக்குப் பார்ப்பார்."

"அப்ப என்ன சொல்லட்டும்?"

"ஒருத்தரும் வாசிக்கிறேல்லை எண்டு சொல்லும்."

ஆசிரியர் முகம் விழுந்துபோயிற்று. அன்றிலிருந்து மிஷின் பக்கத்தில் நின்று, 'என் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை' என்று தனக்குத் தானே சொல்லிப் பழகினார். பாதி வாக்கியத்திலேயே விட்டுவிட்டுப் பிழை திருத்தப் போய்விடுவார். ஜெயிலுக்குப் போவதுகூட அவருக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

பிரக்கிராசி சட்டத்தையும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எழுதினது உண்மை என்று காட்ட வேண்டும், அதனால் நாலு பேருக்கு நன்மை என்றும் காட்ட வேண்டும். "அந்தாள் நாய்க்குச் சலாம் போடுறதைக் கண்ட சாட்சி இருக்கோ?"

"தோட்டமே கண்டிருக்குங்க. சொல்லத்தான் யாரும் வர மாட்டாங்க."

"அப்ப கோமாளியின்ர பேரைச் சொல்லிப்போட்டு வெளியில வாரும். இன்னொருத்தன் சொன்னதைத்தான் போட்டனாங்கள் எண்டு நான் வாதாடுவன்."

"அது முடியாதுங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு, "பேப்பர்காரன் எண்டா அப்பிடித்தான் இருக்க வேணும்" என்றார். பிறகு, "ஆனா அதுக்கு உள்ளுக்குப் போக வேண்டி வரும்" என்றும் சொன்னார்.

விசாரணைக்குச் சில நாள் முன்னால், பல்வலிக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டு, கவ்வாத்துக்காரர் அச்சகத்துக்கு வந்தார். முகத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். அவருக்கும் சாட்சிச் சம்மன் வந்திருந்தது. கண்டாக்கு, கூத்தில் முன்னால் நின்றவர்கள் என்று சந்தேகப்பட்ட எல்லாருக்கும் சம்மன் அனுப்பியிருந்தார்.

"சத்தியம் பண்ணச் சொல்லிக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். "நான்தான்னு சொல்லிருவேன். நீங்க ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்."

"அப்பறம் நீங்க எங்கண்ணே போவீங்க?"

"இந்தியாவுல ஊருக்குப் போன்னு சொல்றாங்க. அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னு எங்கப்பாவுக்குத்தான் தெரியும். அவரு செத்து ரொம்ப நாளாச்சு."

டீ வாங்கிக் கொடுத்தேன். துண்டை அவிழ்க்காமலே குடித்துவிட்டுப் போனார்.

விசாரணை நாள். அன்றைக்குக் கோர்ட்டில் இருந்த கூட்டத்தைத் திருவிழாவில்கூட நான் பார்த்ததில்லை. மேடையில் சிங்கள நீதவான், வயதானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். நடப்பதெல்லாம் ஆங்கிலத்தில். மொழிபெயர்க்க ஒரு முதலியார்; அங்கே அது கோர்ட் உத்தியோகத்தின் பேர், சாதி இல்லை. எதிரிக் கூண்டில் ஆசிரியரும் நானும். கண்டாக்குக்காகக் கண்டியிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார்.

முதல் சாட்சி ஒரு கொழுந்து எடுக்கிற அம்மா. வக்கீல் கேட்டது இரண்டே விஷயம். செய்தி யாரைப் பற்றியது, கோமாளி யார். முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால்தான் வழக்கே நிற்கும். தன்னைத்தான் சொன்னார்கள் என்று கண்டாக்கு தன் சாட்சிகளைக் கொண்டே நிரூபிக்க வேண்டும்.

"செய்தியைப் படித்தாயா?" என்று முதலியார் தமிழில் கேட்டார்.

"படிக்கத் தெரியாதுங்க. அந்தா நிக்கிற தம்பிதான் வாசிச்சுக் காட்டுச்சு."

"அது யாரைப் பற்றியது என்று தெரிந்ததா?"

அந்த அம்மா கண்டாக்கைப் பார்த்தார். கண்டாக்கு, சொல்லு, சொல்லு என்று தலையை ஆட்டினார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கல, சொல்லு" என்றார் கண்டாக்கு.

"அப்படின்னா எங்க கண்டாக்கையாதாங்க. நாயின்னதுமே எல்லாருக்கும் வெளங்கிருச்சுங்க."

கோர்ட்டில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. கண்டாக்கின் முகத்தில் ஜெயித்த களையும் தோற்ற களையும் சேர்ந்தே இருந்தன.

"கோமாளி யார்?"

"கோமாளிங்க."

"அது தெரிகிறது. ஆள் யார்?"

"ஆளு இல்லீங்க, கோமாளிங்க. காப்புக் கட்டியிருந்துச்சு."

"வேஷத்தைக் கலைத்த பிறகு அந்தக் கோமாளி யார்?"

"வேசத்தக் கலைச்சப்பறம் கோமாளி எங்கிட்டுங்க இருக்கு?"

முதலியார் இதை ஆங்கிலத்தில் சொல்ல ரொம்பப் பாடுபட்டார். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதை எப்படி எழுதிக்கொள்வது என்று கேட்டார். அடுத்து வந்தவர்களும் இதையே சொன்னார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை. கண்டாக்கின் வக்கீலுக்கு மட்டும் வியர்த்துக்கொண்டே வந்தது.

பிறகு சேவகர் வெளியே போய் அடுத்த பேரைக் கூப்பிட்டார். கவ்வாத்துக்காரர் உள்ளே வந்தார். துண்டு கட்டவில்லை. தலையைப் படிய வாரி, விபூதி பூசி, தீர்மானம் செய்துவிட்ட ஆள் மாதிரி நேராக நடந்து வந்தார். சத்தியம் செய்ததும் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. யோசிக்க நேரமில்லை.

"நான்தாங்க கோமாளி" என்றேன்.

ஆசிரியர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பிரக்கிராசி நெற்றியில் கை வைத்தார். கண்டாக்கின் வக்கீல் துள்ளி எழுந்து, இவன் அந்தத் தோட்டத்து ஆளே இல்லை என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, இவன் இந்த நாட்டுப் பிரஜைதானா என்று கேட்டார்.

"அத இன்னும் யாரும் முடிவு பண்ணலீங்க. மனு போட்டிருக்கு" என்றேன். அந்தக் காலத்தில் தோட்டத் தமிழர் பலருக்கும் பிரஜாவுரிமை மனுவோடுதான் நின்றது.

எங்கள் பிரக்கிராசி எழுந்தார். கோமாளி வேஷம் கட்டவும் பேசவும் பிரஜாவுரிமை வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை என்றார். நீதவான் அதை ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் நடித்துக் காட்டட்டும் என்றார் கண்டி வக்கீல்.

நான் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். கூத்தாடியது மட்டும் கிடையாது. கூண்டை விட்டு இறக்கினார்கள். முதலியார் ஒரு வட்டமான குப்பைக் கூடையைக் கொடுத்தார். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு அடி நடந்து, கழற்றி, முதுகை வளைத்து ஒரு கும்பிடு போட்டேன். கூடையிலிருந்து கசங்கிய காகிதம் தோளில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. இரண்டாவது தடவை செய்யும்போது என் காலே எனக்குத் தடுக்கியது. கவ்வாத்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். என்னைக் காப்பாற்றச் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். பார்க்கச் சகிக்காமல் மூடியிருக்கிறார்.

"இவன் இல்லவே இல்லீங்க" என்று கண்டாக்கு எழுந்துவிட்டார். அவர் வக்கீல் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கண்டாக்கு கேட்கிற நிலையில் இல்லை. "சும்மா நடிக்கிறான். அன்னைக்கு வந்தவன் செஞ்சது இப்படியா? அச்சு அசலா இருந்துச்சுங்க. தொப்பிய எடது கையில எடுத்து நெஞ்சுக்கு நேரா புடிச்சான். ரெண்டு காலையும் சேத்தான். முதுகு வளையல, தலை மட்டும்தான். இந்தா, இப்படி." தன் தொப்பியை எடுத்து, விறைத்து நின்று, செய்தே காட்டினார்.

நடுவில் நின்ற கவ்வாத்துக்காரரைப் பார்த்து, "நீ சொல்லுடா, அவன் இப்படித்தானே செஞ்சான்?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றார் கவ்வாத்துக்காரர். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. "குதிங்கால மட்டும் இன்னுங் கொஞ்சம் சேக்கணும்ங்க."

கண்டாக்கு குனிந்து தன் காலைப் பார்த்தார். குதிகாலைச் சேர்த்து வைத்தார். பிறகு நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் பிரக்கிராசி கண்டாக்கிடம் மெதுவாகக் கேட்டார். "இந்த மரியாதையைத் தாங்கள் வழக்கமாக யாருக்குச் செய்வீர்கள்?"

"நாய்க்குங்க" என்றார் கண்டாக்கு, வேறு நினைவில்.

கோர்ட் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. முதலியார் சிரித்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டாக்கு சிவந்துபோய், "அது அப்படி இல்லீங்க" என்று விளக்கினார். "தொரை வர்றதுக்கு முந்தி நாய்தான் வளைவுல திரும்பும். நாயக் கண்டதும் தொப்பியக் கழட்டிறணும். தொரை மூஞ்சி தெரிஞ்சப்பறம் கழட்டுனா லேட்டுங்க. ஒரு நா லேட்டாகித் திட்டு வாங்கியிருக்கேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சிரிப்பும் அடங்கியது. நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். முதலியார் மொழிபெயர்த்ததைச் சொல்கிறேன். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் யாருடைய நாய்க்கும் தொப்பியைக் கழற்றாதவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம், நான் தூக்கப்போவதில்லை என்றாராம். தினமும் காலையில் பலபேர் பார்க்கச் செய்கிற ஒன்றைப் பத்திரிகை சொன்னதால் உங்கள் மானம் குறைந்தது என்று நான் எப்படி எழுதுவது, சமாதானமாகப் போக முடியுமா பாருங்கள் என்றும் சொன்னார்.

கண்டாக்கின் வக்கீல் அவர் காதில் என்னமோ சொன்னார். நிற்கிற சாட்சியை விசாரித்தே தீர வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் கையை அந்தப் பக்கம் நீட்டினார். கண்டாக்கு மறுபடி கவ்வாத்துக்காரரைப் பார்த்தார். "போதும்ங்க" என்றார். "அவன விசாரிக்க வேணாம். போகச் சொல்லுங்க."

யார் மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று பத்திரிகையில் ஒரு வரி போடுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார். சந்தோஷத்தில், ஒரு பக்கம் முழுவதும் எழுதித் தருகிறேன் என்றார். பிரக்கிராசி அவர் தொடையில் கிள்ளினார். கோர்ட்டை விட்டு வெளியே வந்த பிறகு ஆசிரியருக்கு ஒரே ஒரு மனக்குறைதான் இருந்தது. பத்திரிகையை யாரும் படிப்பதில்லை என்று அத்தனை நாள் பழகியது வீணாகப் போயிற்று, அதை யாரும் கேட்கவே இல்லை.

நான் அன்றைக்குச் சாயந்திர பஸ்ஸில் கவ்வாத்துக்காரரோடு தோட்டத்துக்குப் போனேன். காம்பராவில் அவருடைய மனைவி சட்டி பானையை எல்லாம் ஒரு சீலையில் மூட்டை கட்டி, பிள்ளைகளுக்குச் சட்டை போட்டு வாசலில் உட்காரவைத்திருந்தார். வழக்கில் என்ன ஆனது என்று அவரிடம் சொன்னோம். மூட்டையை அவிழ்க்கவில்லை. "காலையில பெரட்டு முடியட்டும்" என்றார். பெரட்டு என்றால் விடிந்ததும் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. அதனால் ராத்திரி சோறாக்கப் பக்கத்து வீட்டில் சட்டி இரவல் வாங்கினோம்.

சாப்பிடும்போது கவ்வாத்துக்காரர் என் தட்டில் இன்னொரு கை சோறு வைத்தார். பிறகு சொன்னார். "என்னைய காப்பாத்துன, அது சரி தம்பி. ஆனா இனிமே எங்கயும் போயி கோமாளி நான்தான்னு சொல்லிறாத. எனக்குக் கேவலமா போயிருச்சு."

காலையில் பனிக்குள் பெரட்டுக் களத்தில் நானும் ஓரமாக நின்றேன். கண்டாக்கு வந்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். கவ்வாத்துக்காரர் பேர் வந்தபோது கண்டாக்கு தலையைத் தூக்கினார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் பார்வையிலேயே இருந்தது. "பன்னெண்டாம் நம்பர் மலை. கத்தியத் தீட்டிக்கிட்டுப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த பேருக்குப் போய்விட்டார். அவர் ஏன் அப்படி விட்டார் என்று எனக்குத் தெரியாது. அத்தனை பேர் நடுவில் தன்னைச் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவன்தான் என்று நினைத்திருக்கலாம். அல்லது மகள் கல்யாண நேரத்தில் ஒரு குடும்பத்தை ரோட்டில் விட மனம் வரவில்லையோ என்னவோ. நான் லயத்துக்கு ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் அந்த அம்மா மூட்டையை அவிழ்த்து அடுப்பில் உலை வைத்தார்.

அந்த மழைக்காலம் பிறப்பதற்குள் நான் அட்டனை விட்டுப் போய்விட்டேன். அதற்குப் பிறகு எவ்வளவோ ஊர், எவ்வளவோ வேலை. பேச்சுச் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் என்று பெரிய மனிதர்கள் பேசுவதைக் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் பாதிதான் எனக்கு விளங்கும். ஆனால் ஒருவரைப் பார்த்து ஊரே சிரித்த பிறகு, சிரிக்க வைத்தவன் மறுநாள் காலையில் தன் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக முடிந்தால் அந்த இடத்தில் அந்தச் சுதந்திரம் இருக்கிறது என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.